வெள்ளிக்கிழமை வாக்கியம்

காரின் முன் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியில், கையுறை போட்ட விரலால் ஆல்மா ஹாகன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சின்ன வெட்டு. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தபடி நின்றாள்.

"ராத்திரி பூரா பனி... அதுலயும் அந்தப் பாலத்துப் பக்கம்... அடேயப்பா!" என்றார் அவர்.

ஆல்மா காத்திருந்தாள். புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போனது.

அவர் அள்ளுவதை நிறுத்தினார். வாயிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் புகையாக மூச்சு வந்தது. "சரி, சரி. பாலத்துப் பக்கம் ரோடு வழுக்குது. நீங்க மெதுவா ஓட்டிட்டுப் போங்க."

"ரொம்ப நன்றி" என்று சொல்லி, கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். பாலம் வழுக்கும் என்பது அவளுக்கு நேற்றே தெரியும். அவள் காத்திருந்தது செய்திக்காக அல்ல, பயனிலைக்காக.

விஸ்கான்சினின் வடக்குக் கோடியில் இருக்கும் அந்த ஊரில், நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் ஆல்மாவின் ஏழாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள்தான். பெட்ரோல் போடுகிறவன், தபால் நிலையத்துப் பெண், வேகமாக ஓட்டினால் மடக்குகிற போலீஸ்காரன், பல் பிடுங்குகிறவன், எல்லோருக்கும் அந்தக் கோடு தெரியும். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தவுடன் அவள் விரல் எது கிடைக்கிறதோ அதன் மேல் கோடு போடும். தபால் நிலையத்து மேடை, சர்ச் பெஞ்சு, பிசைந்து வைத்த மாவு, ஒன்றும் இல்லாவிட்டால் தன் முழங்கால். வெட்டுக்கு இடது பக்கம் எழுவாய். வலது பக்கம் பயனிலை. அந்த வலது பக்கம் நிரம்பும்வரை அவள் நகரமாட்டாள். இங்கிலீஷில் பயனிலை எழுவாயை ஒட்டியே வந்துவிட வேண்டும். நம்மைப் போலக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால் தாமதமானால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார் ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் போய் வழி தெரியாமல் நின்றுவிட்டால், சபை முழுவதும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். அங்கே பாட்டுப் புத்தகத்தின் அட்டைமேல் ஒரு விரல் நின்றுகொண்டிருக்கும். பாதிரியார் அந்த விரலைப் பார்த்து, எச்சில் விழுங்கி, திரும்பி வந்து வாக்கியத்தை முடிப்பார். ஒருமுறை பள்ளிச் சமையலறையில் எண்ணெய் தீப்பிடித்தபோது ஒரு பையன் ஓடிவந்து, "மிஸ்! புகை! சமையல் ரூம்! கறுப்பா!" என்று கத்தினான். ஆல்மா காத்திருந்தாள். "மிஸ், சமையல் ரூம் பத்தி எரியுது!" என்று அவன் அழுதபிறகு, முப்பது பிள்ளைகளையும் வரிசை குலையாமல் வெளியே கொண்டுபோய் நிறுத்தியவளும் அவள்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆள் உயரம், ஒல்லி. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள். ஒரு கம்பளிச் சட்டையின் மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. இடது கை மணிக்கட்டில் எப்போதும் சாக்பீஸ் தூள். மத்தியானத்துக்கு ரை தானிய ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு பூனை உண்டு, அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அதைக் கூப்பிட வேண்டிய அவசியம் இதுவரைக்கும் வரல" என்பாள்.

பிள்ளைகள் அவள் பாடத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'முள்ளெடுப்பு'. ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் பிரித்துப் போட்டால் அசல் மீன் முள்தான். நடுத்தண்டு போல ஒரு கோடு, அதில் ஆளும் செயலும். கீழே சாய்வாகத் தொங்கும் முட்களில் எப்படிப்பட்ட ஆள், எப்போது, எங்கே என்கிற சில்லறை வார்த்தைகள். வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் இருந்தால் அதற்கு அடியில் தனித் தண்டு. இரண்டையும் சேர்க்க இடையில் புள்ளிக்கோடு. சதையெல்லாம் போய் முள் மட்டும் நிற்கும். "எந்த வார்த்தை எதைப் பிடிச்சுத் தொங்குதுன்னு தெரிஞ்சா போதும், அப்புறம் உங்களை யாராலயும் ஏமாத்த முடியாது" என்று வருஷா வருஷம் முதல் நாள் சொல்வாள். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு உடனே மறந்துபோவார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் மறக்க மாட்டார்கள். அன்றைக்குப் பாடப் புத்தகம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் யாராவது உண்மையாகப் பேசிய ஒரு வாக்கியத்தைக் காதில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். பலகையில் ஏறுவது ஒன்றுதான். அதன் முள்ளை எல்லோருமாகச் சேர்ந்து எடுப்பார்கள்.

இந்த வழக்கத்தால் அந்த ஊரில் வியாழக்கிழமைச் சாயங்காலங்கள் தனியாக இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் புதன்கிழமையோடு முடிந்துவிடும், அல்லது வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். வியாழன் இரவுச் சாப்பாட்டு மேசையில், "உப்பைக் கொஞ்சம் இப்படித் தர்றியா, கண்ணு?" என்கிற மாதிரி வாக்கியங்கள்தான் நடமாடும். அப்படியும் சில தப்பிப்போகும். 'பாதிரியார் பேசினா மாடுகூடத் தூங்கிடும்னு தாத்தா சொன்னாரு' என்று ஒரு வெள்ளிக்கிழமை பலகையில் ஏறியது. பாதிரியாரின் மகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆல்மா மாட்டை அதற்குரிய தண்டில் ஏற்றி, "ரொம்ப அழகான துணை வாக்கியம்" என்று மட்டும் சொன்னாள். வெவரமானவர்கள் இதையே தபால்பெட்டி மாதிரிப் பயன்படுத்திக்கொண்டார்கள். பனி தள்ளும் மெஷினை இரவல் வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரனிடம் நேரில் கேட்க அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. வியாழக்கிழமை மேசையில், பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் ஒருமுறை சத்தமாகச் சொன்னால் போதும். சனிக்கிழமை காலையில் மெஷின் வாசலில் நிற்கும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் மனஸ்தாபமும் இல்லை.

ஆல்மாவைப் பற்றி ஊரில் பொதுவாக ஒரு பேச்சு உண்டு. அவளுக்கு வாக்கியம் கேட்கும், விஷயம் கேட்காது என்பார்கள்.

அது முழு உண்மை அல்ல. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய், "உங்க அப்பா இந்த வாரத்தைத் தாண்ட மாட்டாரு" என்று சொன்னார். முழு வாக்கியம்தான். ஆல்மா திரும்பிப் போய், அப்பாவின் போர்வைமேல் மெதுவாக ஒரு கோடு போட்டாள். எழுவாய் இடத்தில் அப்பாவை வைத்தாள். பயனிலை இடத்தில் டாக்டர் சொன்னதை வைத்தாள். வாரத்தை அதன் இடத்தில் வைத்தாள். எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் அவளால் நாற்காலியில் உட்கார முடிந்தது. பெரிய விஷயங்கள் அவளிடம் அப்படித்தான் வந்து சேரும். முதலில் விரலுக்கு, பிறகு நெஞ்சுக்கு. இடையில் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்த இடைவெளியில்தான் ஆர்லன் டிட்மர் பல வருஷங்களாக உட்கார்ந்திருந்தான்.

ஆர்லன் குளிர்காலத்தில் பனி தள்ளும் மெஷின்களையும், கோடையில் புல் வெட்டும் மெஷின்களையும் ரிப்பேர் செய்கிறவன். விரல் ரேகைகளுக்குள் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாக ஓடும். பேச்சு என்றால், "ம்", "இருக்கலாம்", "மோசமில்ல". ஊரில் வேறு யாரிடமும் அவன் ஒரு முழு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், லவானின் மதுக்கடையில் ஊரே மீன் வறுவல் சாப்பிட வரும்போது, ஜன்னலோர மேசையில் ஆல்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து மூன்று நான்கு முழு வாக்கியங்கள் பேசுவான். ஒவ்வொன்றுக்கும் நெற்றி வியர்க்கும். ஒருமுறை, "இந்த மீன் போன வாரத்து மீனைவிட நல்லா இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஆல்மா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரின் ஸ்டீயரிங் மேல் அதை மறுபடி மறுபடி விரலால் போட்டுப் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தபால் நிலையத்தில் லவான் அவளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"அடியே ஆல்மா, உனக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? ஆர்லன் கடை ஜன்னல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு தொங்குது. சனிக்கிழமை ஆள் வந்து கையெழுத்துப் போடுறானாம். இவன் அரிசோனாவுல அண்ணன் வீட்டோட போயிடுறானாம். உன்கிட்ட சொல்லலையா?"

ஆல்மாவின் விரல் தபால் மேடைமேல் இருந்தது.

"சொன்னாரு" என்றாள்.

அது பொய் இல்லை. போன வெள்ளிக்கிழமை ஆர்லன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அண்ணன்... அரிசோனாவுல... அங்க..." என்று ஆரம்பித்தான். ஆல்மா மேசைவிரிப்பில் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். புருவம் மேலே போயிற்று. ஆர்லன் அவளைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். பிறகு ஒரு உருளைக்கிழங்கு அடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வாக்கியம் அதோடு போயிற்று.

"நீ எப்பப் பார்த்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுட்டு மூஞ்சியைப் பார்த்துட்டே நின்னா, எந்த மனுஷனுக்குடீ வாய் வரும்?" என்றாள் லவான். "நான் உன்கிட்ட பீர் வேணுமான்னு கேக்கவே ரெண்டு தடவை யோசிக்கிறேன்."

அன்று சாயங்காலம் ஆல்மா ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். மாவின் மேல் கோடு போட்டு, 'ஆர்லன் போகிறான்' என்று பிரித்துப் பார்த்தாள். மிகச் சின்ன வாக்கியம். தொங்குவதற்கு ஒரு முள்கூட இல்லை. அதை அப்படியே அடுப்பில் வைத்து வேகவைத்தாள். நன்றாகத்தான் உப்பியிருந்தது. அந்த ரொட்டியை அவள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில், அவள் கேட்பதற்கு முன்பே டெஸ்ஸா கையைத் தூக்கினாள். டெஸ்ஸா ஆர்லனின் தங்கை மகள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"நேத்து எங்க வீட்டுக்கு மாமா சாப்பிட வந்தாரு, மிஸ். மாமா அம்மாகிட்ட ஒண்ணு சொன்னாரு."

"சொல்லு."

டெஸ்ஸா எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "'அவங்க மாட்டேன்னு சொல்லிடுவாங்களோன்னு எனக்குப் பயமா இல்லேன்னா, நான் அரிசோனா போகாம இங்கேயே இருந்து அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டுடுவேன்'னு மாமா அம்மாகிட்ட சொன்னாரு."

வகுப்பே திரும்பி ஆல்மாவைப் பார்த்தது.

"உங்க மாமாவா சொன்னாரு? இவ்வளவையுமா?" என்றாள் ஆல்மா.

"ஆமா, மிஸ். எழுந்து நின்னு சொன்னாரு. நான் சரியாக் கேட்டேனான்னு பார்க்க இன்னொரு தடவையும் சொன்னாரு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் தண்ணி குடிச்சாரு."

ஆல்மா பலகைப் பக்கம் திரும்பினாள். முதல் தண்டைப் போட்டாள். 'மாமா', வெட்டு, 'சொன்னார்'. அதற்குமேல் ஒரு மேடை கட்டி, 'நான்', வெட்டு, 'கேட்டுவிடுவேன்'. போகாமல் என்பதை ஒரு முள்ளில் தொங்கவிட்டாள், இங்கேயே என்பதை இன்னொன்றில். அடியில் பயத்துக்கு ஒரு தண்டு. பயத்துக்கும் அடியில் 'மாட்டேன்' என்பதற்கு ஒரு தண்டு. புள்ளிக்கோடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏணிப்படி மாதிரி இறங்கின. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. எழுத்து கோணவில்லை. அந்த வருஷத்தில் அவ்வளவு பெரிய முள் யாரும் கொண்டுவந்ததில்லை.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. வாக்கியத்தில் அவன், அவள், அவர்கள் என்று யார் வந்தாலும் ஆல்மா சாக்பீஸால் தட்டி, "இது யாரு?" என்று கேட்பாள். பெயரைச் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. அந்த வாக்கியத்தில் 'அவங்க' என்பது இரண்டு இடத்தில் இருந்தது. அவள் இரண்டையும் எழுதினாள். இரண்டையும் தட்டாமல் தாண்டிப் போனாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "மிஸ், அந்த 'அவங்க' யாருன்னு நீங்க கேக்கலையே?"

"மணி அடிக்கப் போகுது" என்றாள் ஆல்மா.

மணி அடிக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் பிள்ளைகள் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மணி அடித்ததும், ஈரத் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். பிறகு மறுபடி ஒருமுறை துடைத்தாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. வாக்கியம் ஏறிவிட்டது என்பதல்ல, அது ஏறப்போகிறது என்பது வியாழன் இரவே தெரிந்த விஷயம். இரண்டு தடவை துடைத்தாள் என்பதுதான் செய்தி. பெட்ரோல் போடுகிறவன், "ஒரு தடவை துடைச்சா வழக்கம். ரெண்டு தடவைன்னா மாட்டேன்னு அர்த்தம்" என்றான். தபால் நிலையத்துப் பெண், "அவங்களுக்கு விஷயமே புரிஞ்சிருக்காது, நீ வேற" என்றாள். இரண்டு கட்சியும் ஆர்லனின் கடைக்குப் போய், வாங்கத் தேவையில்லாத திருகாணிகளை வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தன.

சாயங்காலம் லவானின் கடையில் உட்கார இடமில்லை. மீன் மொறுமொறுவென்று தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஓடியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். எந்தக் கட்சி ஆடுகிறது என்று கேட்டிருந்தால் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது.

ஆர்லன் முன்னதாகவே வந்து ஜன்னலோர மேசையில் இருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. ஆல்மா வந்து மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். லவான் இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்து மேசையை, சுத்தமாகத்தான் இருந்தது, துடைக்க ஆரம்பித்தாள்.

"அரிசோனாவுல பனியே பெய்யாதாமே" என்றாள் ஆல்மா.

"ம்."

"அப்போ பனி தள்ளுற மெஷினை உங்ககிட்ட யாரு கொண்டு வருவாங்க?"

ஆர்லன் யோசித்தான். "அங்க யாரும்..." என்றான். பழக்கதோஷத்தில் அவள் விரலைப் பார்த்தான். "யாரும் கொண்டு வரமாட்டாங்க."

"கையெழுத்து நாளைக்கா?"

"நாளைக்குக் காலையில."

அவன் ஒரு துண்டு மீனைப் புட்டான். சாப்பிடவில்லை. புட்டதை இன்னும் சின்னதாகப் புட்டான். நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. ஒரே ஒரு பெரிய வாக்கியம் நேற்றே செலவாகிவிட்டது, அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இன்னொன்று அவனிடம் கைவசம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஆல்மா..." என்றான்.

ஆல்மாவின் விரல் மேசைவிரிப்பின் ஓரத்தில் கோட்டை ஆரம்பித்தது.

"நீங்களும்... நானும்... அதாவது இங்கேயே... என் கடை மாடியில இல்லேன்னா உங்க..."

அங்கே நின்றான். லவானின் கைத்துணி நின்றது. ஐஸ் ஆட்டம் மட்டும் யாருக்காகவோ கத்திக்கொண்டிருந்தது. கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள்; வலது பக்கம் காலியாக இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆர்லன் வாயைத் திறந்தான். மூடினான். மேசைமேல் தன் கையைப் பார்த்தான். பயனிலை வரவில்லை. வருவதாகவும் இல்லை.

வழக்கமாக வெட்டுப் போடும் இடத்துக்கு ஆல்மாவின் விரல் வந்தது. நிற்கவில்லை. கோடு மேலே போயிற்று. முட்டைக்கோஸ் கிண்ணத்தைத் தாண்டியது, உப்புக் குப்பியைச் சுற்றிக்கொண்டு போனது, மேசையின் அந்தப் பாதிக்குப் போய், எண்ணெய்க் கறுப்பு ஓடிய அவன் புறங்கையின் மேல் ஏறி, அங்கே இருந்துவிட்டது.